ருத்ரோத்காரி வருஷம், வைகாசி மாசம்

பெரியப்பா இறந்த மூன்றாம் மாதம் அவர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யப் போனோம். அப்போதுதான் அந்த டிரங்குப் பெட்டி கிடைத்தது. ஆற்காட்டிலிருந்து கலவை போகிற பாதையில் எங்கள் ஊர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதற்குக் கீழே பலகைப் பரண். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலை வருடக்கணக்காக வாங்கிக்கொண்டு பெட்டிக்குள் 23 கேசட்டுகள் கிடந்தன. பழைய வேட்டித் துணியில் சுற்றி, நடுவே பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார். உருண்டை கரைந்துபோய் வாசனை மட்டும் மிச்சம்.

சிலவற்றின் மேல் நீல மையில் பெரியப்பாவின் கையெழுத்து. ‘பாரதம் 4’. ‘பாரதம் 7 சித்தப்பா’. ‘கர்ணன்’. ஒன்பது கேசட்டுகளில் எதுவுமே எழுதவில்லை.

அந்தச் ‘சித்தப்பா’ எனக்குச் சின்ன தாத்தா. பாரதப் பிரசங்கியார். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அவருடைய ஒரே ஒரு புகைப்படம் வீட்டில் இருக்கிறது, அதிலும் வாய் மூடியிருக்கிறார்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் பாரதம் என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் அறுப்பு முடிந்து நிலம் காலியாகக் கிடக்கும்போது திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பகலில் பிரசங்கியார் சொன்ன கதையை அன்று இரவே கூத்தாடிகள் கட்டை (மரத்தால் செய்த அணிகள்) கட்டி ஆடுவார்கள். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருப்பான், அவன் வீழ்வதை நடத்திக் காட்டுகிற படுகளம் நடக்கும், அம்மன் கூந்தல் முடிப்பாள், சாயங்காலம் தீமிதி. கூத்தைப் பார்க்க வெளியூரிலிருந்தும் வருவார்கள், படம் எடுப்பார்கள், ஆராய்ச்சி செய்வார்கள். பிரசங்கத்துக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. மத்தியான வெயிலில், பந்தலில், கிழவர்களும் கிழவிகளும் குந்திக் கேட்கிற விஷயம் அது. வில்லிபுத்தூரார் பாடிய பாரதத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் இருக்கின்றன. அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பாடி, பதம் பிரித்து, பொருள் சொல்லி, அப்புறம் ஊர்ப் பேச்சுக்கு இறங்கி வந்து கதையை நடத்த வேண்டும். ஆர்மோனியப் பெட்டி ஒருவர், மத்தளம் ஒருவர். அவ்வளவுதான் கச்சேரி.

பெரியப்பா அந்த நாளில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். போனஸ் பணத்தில் டேப் ரெக்கார்டர் வாங்கினார். பாட்டு கேட்கத்தான் வாங்கியிருப்பார் என்று நினைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தால், எண்ணி நாலு கேசட்டில்தான் சினிமாப் பாட்டு. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பந்தலில் உட்கார்ந்து அவரே பிடித்தது.

சரி, உடனே போட்டுக் கேட்டுவிடலாம் என்று கை துடித்தது. அது தப்பு. முதல் கேசட்டை அப்படித்தான் போட்டேன். கால் நிமிஷம் ஓடியது, ஒரு குரல் ‘கேளுங்கோ’ என்றது, அப்புறம் ‘கிறீச்’ என்று நாடா உருளையில் சுற்றிக்கொண்டது. நாடாவை வெளியே இழுத்து மெதுவாக நீவி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு அங்குலம் கசங்கியது கசங்கியதுதான். அந்த இடத்தில் இப்போதும் குரல் ஒரு கணம் அமுங்கி எழும். அதற்கு நான் மட்டுமே பொறுப்பு.

அதற்குப் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். கேசட் நாடா 4 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் காந்தத் துகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் பசை இளகும், பூஞ்சை பிடிக்கும். சூட்டில் நாடா சுருங்கும். சுற்றிக் கிடக்கும்போது ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் லேசாகப் பதிந்துவிடும். சூடு அதிகமானால் இதுவும் அதிகமாகும். தாத்தா பாட வாயெடுப்பதற்கு ஒரு நொடி முன்னால், அதே வரி மிகச் சன்னமாகத் தூரத்தில் கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காரணம், சுற்றுக்குச் சுற்று பதிகிற அந்த ஒலிதான். நாடாவின் நடுவே தலைக்கு நேராக ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும், நாடாவை ஒலித்தலையோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டுகளில் அது உதிர்ந்துபோய்விடும். அப்படி உதிர்ந்தவற்றையும் கூடு விரிசல் விட்டவற்றையும் பிரித்து, நாடாவை மட்டும் புதுக்கூட்டுக்கு மாற்றினேன். மொத்தம் பதினொன்று. மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் எல்லாவற்றிலும் முதலில் உடைத்துவிட்டேன், கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாமல் இருக்க.

வேலூர் பழைய கடையொன்றில் கேசட் ஓட்டுகிற நல்ல டெக் கிடைத்தது. அதில் ஒலித்தலையின் சாய்வைத் திருத்துகிற ஒரு திருகு உண்டு. கேசட்டைப் பதிவு செய்த கருவியின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் வைத்தால்தான் குரல் தெளியும். சின்னத் திருப்புளியை மெதுவாகத் திருப்பும்போது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பேசியவர் கதவைத் திறந்து வாசலுக்கு வந்தது மாதிரி ‘ச’வும் ‘ஸ’வும் தாளச் சத்தமும் துலங்கி வரும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். பதிவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். பதிவின் தரம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். இதில் குறுக்குவழி கிடையாது. அறுபது நிமிஷக் கேசட் பதினான்கு, தொண்ணூறு நிமிஷக் கேசட் ஒன்பது, ஆக இருபத்தேழரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள். கோப்புகள் 57 ஜிபி வந்தன.

இரைச்சலை நீக்கட்டுமா என்று என் தம்பி கேட்டான். ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழாய் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது, காக்கை கத்துகிறது, யாரோ ஒரு அம்மா ‘ஏ, குந்துடா’ என்று பிள்ளையை அதட்டுகிறாள், பஸ் ஹாரன் அடிக்கிறது. தாத்தா அந்த ஹாரனுக்கு நிறுத்தி, ‘தேர் வந்துக்கினு கீது பாருங்கோ’ என்று கதையோடு சேர்த்துக்கொள்கிறார், கூட்டம் சிரிக்கிறது. இரைச்சலை எடுத்தால் அந்தப் பந்தலே போய்விடும். மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, கேட்பதற்கு ஒரு பிரதியில் வேண்டுமானால் லேசாகத் திருத்தலாம். மூலத்தில் கை வைக்கக் கூடாது.

‘வந்துக்கினு கீது’. இந்தப் பேச்சை நாங்கள் எழுதுவதே இல்லை. பள்ளிக்கூடத்தில் இதைப் பேசினால் திருத்துவார்கள். சினிமாவில் இதைச் சிரிப்புக்கு வைப்பார்கள். தாத்தா விருத்தத்தை முழு இலக்கணத்தோடு பாடிவிட்டு, மூச்சு விடாமல் ‘தருமருக்கு இன்னா தோணிச்சி?’ என்று கேட்கிறார். இரண்டு தமிழும் ஒரே தொண்டையில், ஒன்றுக்கொன்று வெட்கப்படாமல் இருந்திருக்கின்றன.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் கிரியர்சன் என்ற அதிகாரியின் தலைமையில் நடந்த இந்திய மொழியியல் ஆய்வு அச்சு நூல்களாக வந்தபோது, சென்னை மாகாணத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. ஆனால் அதே ஆய்வின் பேரில் 1913 முதல் 1929 வரை கிராமபோன் தட்டுகளில் குரல்களும் பதிவாயின, அவற்றில் தமிழும் உண்டு. இன்றைக்கு அவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் கேட்கலாம். பைபிளில் வருகிற ஊதாரி மகன் கதையைப் பல மொழிக்காரர்களையும் சொல்லச் சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வசதி, புரிகிறது. இருந்தாலும் கேட்கும்போது எனக்கு ஏக்கமாக இருந்தது. அந்த மனிதர்களிடம் அவர்களுக்குப் பிடித்த கதையைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? பெரியப்பாவுக்கு எந்த ஆய்வுத் திட்டமும் இல்லை. அவர் தன் சித்தப்பா சொன்ன கதையைப் பிடித்தார். அதனால்தான் பஸ் ஹாரனுக்கு ஒரு கூட்டம் சிரிப்பது நமக்குக் கிடைத்திருக்கிறது.

பதிவு முடிந்தது, இணையத்தில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். ஆர்கைவ் டாட் ஆர்க் என்கிற இணைய ஆவணகம் லாப நோக்கமில்லாதது. 1996இல் புரூஸ்டர் கேல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கினார். கணக்குத் தொடங்கினால் போதும், கட்டணம் இல்லாமல் ஏற்றலாம், கேட்பவருக்குக் கணக்குக்கூட வேண்டாம். பெரிய மூலக் கோப்பைக் கொடுத்தால் போனில் கேட்கத் தோதான சின்னக் கோப்பை அதுவே செய்துகொள்ளும். பக்கம் திறந்தது. தலைப்பு? பாரதப் பிரசங்கம். யார்? எங்கே? எப்போது? உடன் வாசித்தவர் யார்? பெட்டிகள் காலியாக நின்றன. எனக்குத் தெரிந்தது ‘பாரதம் 4’.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த ஒரு வீரனுக்கு எடுத்த கல். அரசன் யார், ஆட்சி ஆண்டு எத்தனை, இறந்தவன் பெயர் கருந்தேவக்கத்தி என்பதெல்லாம் அதில் வெட்டியிருக்கிறது. அவன் கூட இருந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. அந்த நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது, கோவிவன் என்று. செங்கம், திருவண்ணாமலை எல்லாம் முன்பு எங்கள் பழைய வட ஆற்காடுதான். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரை விட்டுவிடக் கூடாது என்று நினைத்த மண்ணில், நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஆர்மோனியக்காரர் பெயர் எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி ஏற்றுகிற வேலையை நிறுத்திவிட்டேன். பெயர் தெரியாமல் போடுவதில்லை என்று முடிவு.

ஒலிகளைப் போனில் போட்டுக்கொண்டு, ஒரு சின்ன ஸ்பீக்கரோடு ஊருக்குப் போனேன். கோயில் வேப்பமரத்தடியில் வைத்துக் கேட்கவிட்டோம். நைனாவும் வந்திருந்தார், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முதலில் ஐந்தாறு பேர், அப்புறம் இருபது பேர். யாரும் கதையைக் கேட்கவில்லை. பின்னணியில் இருமுகிறவரை, சிரிக்கிறவரைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ‘அது எங்க அம்மா சிரிப்பு’ என்று ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். ஏழு முறை போட்டேன்.

கால வரிசையைக் கண்டுபிடிக்க வில்லிபாரதமே உதவியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த பாடம் இருக்கிறது. தாத்தா பாடுகிற விருத்தத்தின் முதல் சொல்லைத் தேடினால் எந்தச் சருக்கம் என்று தெரிந்துவிடும். இப்படியே எழுத்தில்லாத ஒன்பது கேசட்டில் எட்டு தங்கள் இடத்துக்கு வந்து சேர்ந்தன. வருஷம்தான் பிடிபடவில்லை. பெரியம்மா ‘பெரியவ பொறந்தப்ப’ என்றார், நைனா இல்லை அதற்கும் அப்பால என்றார். கடைசியில் தாத்தாவே சொன்னார். இருபத்தோராவது கேசட்டின் முடிவில், மங்களம் பாடுவதற்கு முன், உபயதாரர் பெயர்களை வாசிக்கிறார். பதினோரு ரூபாய், இருபத்தோரு ரூபாய், ஒரு மூட்டை நெல். அதற்கு முன்னால் தெளிவாக, ‘நிகழும் ருத்ரோத்காரி வருஷம் வைகாசி மாசம்’. அறுபது வருஷச் சுழற்சியில் ருத்ரோத்காரி 1983 சித்திரையில் பிறந்தது. ஆக 1983 மே பாதிக்கும் ஜூன் பாதிக்கும் நடுவில். நடுகல் வெட்டியவர் ஆண்டைப் பொறித்த மாதிரி, அவரும் வாயால் பொறித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நான்தான் கடைசிக் கேசட் வரைக்கும் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

இடம் எழுதுவதிலும் ஒரு சிக்கல். 1983இல் எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டம். 1989இல் மாவட்டம் இரண்டாகி எங்கள் பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம், 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். ஊர் நகரவே இல்லை, விலாசம் மூன்று தடவை மாறிவிட்டது. ஒரு பெயரை மட்டும் எழுதினால் மற்ற மூன்றைத் தேடி வருகிறவருக்குக் கிடைக்காது. நான்கையும் எழுதினேன். தலைப்பைத் தமிழிலும், ஆங்கில எழுத்திலும் போட்டேன். தமிழ்த் தட்டச்சு தெரியாத எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து எப்படித் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

உரிமை பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசினோம். இந்தியச் சட்டத்தில் நிகழ்த்தியவருக்கு ஐம்பது வருஷம் உரிமை இருக்கிறது, ஒலிப்பதிவுக்கு அறுபது வருஷம். ஆகவே தாத்தாவின் வாரிசுகள் சம்மதம் வேண்டும். அத்தை ஒருத்தர் கேட்டார், ‘எவனாவது எடுத்து வித்தான்னா?’ நியாயமான கேள்வி. பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம், விற்கக் கூடாது என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் படித்துக் காட்டினேன். கேட்பதற்குக் காசு வாங்கலாமா என்று இன்னொருவர் கேட்டபோது அத்தையே பதில் சொன்னார். ‘அவரு பந்தல்ல டிக்கெட் போட்டாரா?’ என் மனதில் இருந்ததும் அதுதான். ஊர் நெல் போட்டு நடத்திய பாரதம் அது. அதற்கு வாசலில் ஆள் நிற்க வைக்க எங்களுக்கு உரிமை கிடையாது. சினிமாப் பாட்டு நாலும் எங்களுடையதில்லை, ஏற்றவில்லை.

எழுத்தில்லாத அந்த ஒன்பதாவது கேசட்டையும் ஏற்றவில்லை. அது பாரதமே இல்லை. ஆயா, அதாவது பெரியப்பாவின் அம்மா, செத்த அன்று வீட்டில் பிடித்த ஒப்பாரி. பெரியப்பா ஏன் அந்த நேரத்தில் மெஷினை ஓடவிட்டார் என்று தெரியாது. அம்மா இல்லாமல் போனதும் வீட்டில் கேட்கிற குரல்களையாவது பிடித்து வைக்கலாம் என்று தோன்றியிருக்கலாம். அற்புதமான பாட்டு, அத்தைகள் மூவரும் மாறி மாறிக் கட்டுகிறார்கள். ஒப்பாரி அழிந்து வருகிறது, ஆய்வாளருக்கு அது புதையல், எல்லாம் சரி. ஆனால் உயிரோடிருக்கிற அத்தை கேட்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பந்தலில் மைக் போட்டுச் சொன்னது ஊருக்கு. நடுவீட்டில் அழுதது ஊருக்கு இல்லை. கோப்பு செய்து வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அத்தை சொல்லும் வரை அது அங்கேதான்.

இணையத்தில் ஏற்றியதோடு பத்திரம் என்று இருந்துவிடவும் முடியாது. 2024 அக்டோபரில் அந்த ஆவணகத்தின் மேலேயே தாக்குதல் நடந்து சில நாட்கள் தளமே திறக்கவில்லை. அந்த நாட்களில் திரும்பத் திரும்பப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், தம்பி வீட்டில் சென்னையில் ஒன்று இருந்ததால் தூங்க முடிந்தது. வருஷத்துக்கு ஒரு முறை இரண்டையும் எடுத்து ஓடவிட்டுப் பார்க்கிறோம். கேசட்டுகளையும் எறியவில்லை. பரணிலிருந்து இறக்கி, தரையோடு இருக்கிற அலமாரியில், படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஆர்மோனியக்காரரைக் கண்டுபிடிக்க மேலும் ஐந்து மாதம் ஆனது. செய்யாறு பக்கம் ஒரு ஊரில் இருக்கிறார் என்று ஒரு கூத்துக் குழுக்காரர் சொன்னார். நைனாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். எண்பதைத் தாண்டியவர். பார்வை மங்கல், காது துல்லியம். கர்ணன் மோட்சத்தைப் போட்டேன். அரை நிமிஷம் கேட்டார். கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

‘இது அவரு சுதி இல்ல.’

‘ஐயா, அவர்தான். எங்க ஊர்ல எல்லாரும் அடையாளம் சொன்னாங்க.’

‘அவருதான். சுதி இது இல்ல. அவரு நாலு கட்டை. இது நாலரையில போவுது. என் பொட்டி நாலரையில வெச்சி அவருக்கு ஒரு நாளும் நான் வாசிச்சதில்ல.’

எனக்குச் சட்டென்று விளங்கியது. பந்தலில் பேட்டரியில் ஓடிய டேப் ரெக்கார்டர். பேட்டரி இறங்கினால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாமே வேகமாக, ஏற்றமாகக் கேட்கும். சுதி அரைக் கட்டை ஏறினால் வேகத்தில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஆறு பங்கு வித்தியாசம். பாடுகிறவர் குரல் நாளுக்கு நாள் மாறலாம், ஆர்மோனியத்தின் நாக்கு மாறாது. இத்தனை மாதம் நான் தாத்தாவின் குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தது, அவரைவிட மெல்லிய, அவசரக்கார ஆள் ஒருவரின் குரல்.

மடிக்கணினியை எடுத்து வந்திருந்தேன். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, கேட்கிற பிரதியில் மட்டும் வேகத்தைக் குறைத்தேன். பெரியவர் தன் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி நாலு கட்டையில் ஒரு விரலை அழுத்திப் பிடித்தார். நான் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். இரண்டு ஒலியும் உரசி, அதிர்ந்து, பிறகு ஒன்றாகி நின்றபோது அவர் தலையை ஆட்டினார். மறுபடி ஓடவிட்டேன். குரல் கனத்து, நிதானமாகி, கீழே இறங்கி வந்தது. வாசல்படியில் உட்கார்ந்திருந்த நைனா, ‘சித்தப்பா’ என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வேகம் திருத்திய விவரத்தையும் யார் சொல்லித் திருத்தினோம் என்பதையும் பதிவில் எழுத வேண்டும், உங்கள் பெயரைப் போடலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். சொன்னார். எழுதி வாசித்துக் காட்டினேன். திருப்தியில்லை.

‘வெறும் பேர் போட்டா எவனுக்குத் தெரியும்? ஊரை முன்னால போடு. அப்பால பேரு. அப்பால ஆர்மோனியம்.’

அப்படியே மாற்றினேன். மத்தளம் வாசித்தவர் பெயரும் அவருக்கு நினைவிருந்தது. ஊரோடு சேர்த்தே சொன்னார்.